தாய்க் கல்லூரிக்கு மீண்ட ஆட்டக்காரர்



பழைய மாணவர் ஒருவர் தாம் படித்த கல்லூரிக்கே பயிற்சியாளராக மீண்டால், மாலை சூட்டி வரவேற்கிறோம். அதற்குப் பின் அவருக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கூடைப்பந்தாடும் இளைஞர் இச்சபையில் இருப்பதால், அமெரிக்க ஆட்டக்காரர் பற்றிக் யூவிங் அவர்களின் கதையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

யூவிங் 1962 இல் ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரிற் பிறந்தவர். 12 வயதில் அமெரிக்கா சென்ற பின்னரே கூடைப்பந்தைக் கற்றார். வளர்ந்து 7 அடி உயரமானார். 1981 இல் வாஷிங்டன் நகரிலுள்ள ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஜோன் தொம்சன். அவர் தமது அறையிலே காற்றிறங்கிய பந்து ஒன்றை வைத்திருந்தார். பந்தின் காற்று ஒருநாள் இறங்கிவிடும், அன்றைக்கு உன்னிடம் மிஞ்சுவது என்ன என்று பிள்ளைகளைச் சிந்திக்க வைப்பதற்காக!

வெளி மைதானங்களில், யூவிங்குக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதிய பதாகைகளைப் பிடித்து ஏளனஞ் செய்தார்கள். அவரோ நான்கு ஆண்டும் இருந்து, 1985 இல் நுண்கலையிற் பட்டம் பெற்றார். 1983 இற் காலமான தாயாருக்குக் கொடுத்த வாக்கு அது. அந்த நான்கு ஆண்டில் மூன்று முறை அவருடைய குழு தேசிய இறுதியாட்டத்துக்கு வந்தது. 1984 இல் ஹூஸ்டனை 84–75 என வென்றது. மற்ற இரண்டு தோல்விகளும் மயிரிழையில் வந்தவை: 1982 இல் ஒரு புள்ளி, 1985 இல் இரண்டு.

பின்பு நியூயோர்க் நிக்ஸ் குழுவில் 15 ஆண்டு ஆடினார். பெரிய ஆட்டக்காரனுக்குக் கற்பிக்க வராது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். யூவிங் விஷயத்தில் இப்பேச்சு பொருந்தாது. ஆட்டத்தை விட்டபின் அவர் நான்கு தொழின்முறைக் குழுக்களில் உதவிப் பயிற்சியாளராக, பிறர் கீழ் இருந்து தொழில் படித்தவர். தலைமைப் பதவியை அக்குழுக்கள் எதுவும் கொடுக்கவில்லை. 2017 ஏப்ரலில் தாய்க் கல்லூரிதான் கொடுத்தது.

ஆசான் தொம்சன் 2020 ஓகஸ்டிற் காலமானார். அடுத்த பருவத்தில், கடைசியாக வரும் என்று பலரும் மதித்திருந்த ஜோர்ஜ்டவுன், 2021 மார்ச்சில் நான்கு நாளில் நான்கு ஆட்டம் வென்று, கிழக்குச் சங்கத்தின் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டது. இறுதியாட்டம் 73–48. நடந்த இடம் நியூயோர்க்கின் மடிசன் சதுக்க மண்டபம். யூவிங்கின் 33 ஆம் இலக்கச் சட்டை அதன் கூரையிலேயே தொங்குகிறது. ஆயினும் அந்த நாட்களில் காவலர் தம்மை நிறுத்தி அனுமதிச் சீட்டுக் கேட்டதாக அவர் குறைப்பட்டுக்கொண்டார். கூரையைப் பார்க்காத காவலர் போலும்!

அதோடு சரிந்தது. அடுத்த பருவம் 6 வெற்றி, 25 தோல்வி. சங்கத்துக்குள் ஆடிய 19 ஆட்டமும் தோல்வி.

காரணம் பலர் பலவாறு சொல்வார்கள். அவருடைய பயிற்சியிற் குறை இல்லாமலில்லை. ஆனால் வீடும் மாறிவிட்டது. முன்பு கல்லூரி மாறும் ஆட்டக்காரன் பொதுவாக ஓராண்டு ஆடாமல் இருக்கவேண்டும். 2021 இல் அவ்விதி தளர்ந்தது. தம் பெயரைக் கொண்டு பணம் சம்பாதிக்கவும் மாணவருக்கு அனுமதி கிடைத்தது. கிண்ணம் வென்ற குழுவில், யூவிங் அந்நாளில் ஆடிய அதே நடு இடத்தில் நின்ற இளைஞன், சில மாதத்திற்குள் வேறு பல்கலைக்கழகம் போய்விட்டான். மறு ஆண்டு திரும்பியும் வந்தான். அவனை நான் குறை கூறேன். விதி இடங்கொடுத்தது, போனான். ஆனால் ஓர் ஆசானின் கீழ் நான்கு ஆண்டு நிற்பதே கல்லூரி ஆட்டம் என்று அறிந்த மனிதர், நிற்காத பிள்ளைகளைக் கொண்டு குழு கட்டவேண்டியதாயிற்று. அதை எந்த ஆசானிடத்தில் அவர் படித்திருக்க முடியும்?

நிருவாகம் இன்னுமோராண்டு பொறுத்தது. அந்த ஆண்டும் 7 வெற்றி, 25 தோல்வி. அந்நியரை அனுப்புவது எளிது. தங்கள் சுவரிலே படம் மாட்டி வைத்த பிள்ளையைப் போகச் சொன்ன பெரியோரின் நிலையையும் நினைத்துப் பார்க்கிறேன். 2023 மார்ச் 9 ஆம் திகதி அவரை விலக்கினார்கள். ஆறு பருவத்தில் மொத்தக் கணக்கு 75 வெற்றி, 109 தோல்வி. அவருக்குப் பின் நியமனம் பெற்றவர் ஜோர்ஜ்டவுனிற் படித்தவரல்லர்.