உண்ணும் அளவும் உடலின் எடையும்



உடல் எடை என்றவுடன் பலருக்குத் தோற்றமே நினைவுக்கு வருகிறது. அது தோற்றத்தைப் பற்றிய செய்தி அன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, கல்லீரலில் கொழுப்புப் படிதல், முழங்கால் தேய்மானம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகிய அனைத்திற்கும் மிகையான எடை ஒரு பொது வாயிலாக அமைகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுவதும் நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளிவந்தன. நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 இலட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்போர் 13 கோடியே 60 இலட்சம் பேர் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. நோயாளரை விட நோயின் வாசலில் நிற்பவர் மிகுதி என்பது அஞ்சத்தக்க செய்தி. எனினும் வாசலில் நிற்பவர் திரும்பிச் செல்ல இயலும் என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

எடை மிகையா, இல்லையா என்பதை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் இருமடிப்பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடைய ஒருவருக்கு இவ்வெண் 25 ஆகும். மேலை நாட்டினருக்கு 25 என்பது மிகை எடையின் தொடக்கம். இந்தியருக்கோ 23இலேயே மிகை எடை தொடங்கி, 25இல் உடல் பருமன் எனக் கொள்ளப்படுகிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் தம் உடல்களையே அளந்து 2004ஆம் ஆண்டு ஒரு படத்தை வெளியிட்டனர். இருவருக்கும் அந்த எண் 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆனால் உடற்கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. மெலிந்து தோன்றும் இந்திய உடலும் உள்ளே கொழுப்பைச் சுமந்திருக்கக்கூடும். ஆகவே எடையுடன் இடுப்புச் சுற்றளவையும் அளத்தல் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. வேட்டியும் புடவையும் எந்த இடுப்பிற்கும் இசைந்து கொடுப்பவை. நாடா அவ்வாறு இசைந்து கொடுப்பதில்லை.

இந்த எடை எங்கிருந்து வந்தது? வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் உழவுக் குடும்பங்கள். ஏர் பூட்டியும், கவலை இறைத்தும், நாற்று நட்டும், மணிலா பறித்தும், அண்டை ஊருக்கு நடந்தும் வாழ்ந்த உடலுக்கு மூன்று வேளைச் சோறு ஏற்ற உணவாக இருந்தது. பின்னர் மின்மோட்டார் வந்தது; டிராக்டர் வந்தது; இருசக்கர வண்டி வாசலுக்கே வந்தது. அடுத்த தலைமுறை பள்ளி ஆசிரியராகவும் வங்கி அலுவலராகவும் கணினிப் பொறியாளராகவும் நாற்காலியில் அமர்ந்தது. உழைப்பு குறைந்தது, தட்டில் சோற்றின் குவியல் மட்டும் பாட்டனார் காலத்து அளவிலேயே நின்றுவிட்டது. இதனை ஒழுக்கக் குறை என்று பழிப்பது பொருந்தாது. வாழ்க்கை மாறிய வேகத்திற்கு வழக்கம் மாறவில்லை, அவ்வளவே.

மரக்கறி உணவு உண்போருக்கு எடை கூடாது என்னும் நம்பிக்கை ஒன்றும் நிலவுகிறது. சர்க்கரை, மைதா, எண்ணெய், நெய் யாவும் மரக்கறியே. கிழங்கு வகைகளை விலக்கும் இல்லத்திலும் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில்தான் பொரிகிறது. உயிர்க்கு ஊறு செய்யாமை உணவின் அறம். உண்ணும் அளவு வேறு ஒரு செய்தி. முன்னதைக் காப்பதால் பின்னது தானே அமைந்துவிடுவதில்லை.

எடையைக் குறைக்க முற்படுவோர் பலர் விரைவு வழிகளையே நாடுகின்றனர். ஒரு திங்களில் பத்துக் கிலோ, அரிசியே கூடாது, பழச்சாறு மட்டும் என்று பல முறைகள் கூறப்படுகின்றன. எடை குறையத்தான் செய்கிறது; பின்னர்த் திரும்பி வருகிறது. இதற்கு மன உறுதியின்மை ஒன்றே காரணம் அன்று. கொழுப்புத் திசு லெப்டின் என்னும் சுரப்பைச் சுரந்து, சேமிப்பு எவ்வளவு உள்ளது என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. கொழுப்பு குறைந்ததும் இச்சுரப்பும் குறைகிறது. உடல் அதனைப் பஞ்சம் எனக் கருதிப் பசியைக் கூட்டி, செலவைச் சுருக்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மிக விரைவாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 2016இல் முடிவு வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தனர். அவர்களது உடலோ எதிர்பார்க்கத்தக்க அளவை விட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டுக்கொண்டிருந்தது. ஆகவே ஒருவர் தமக்குள் கேட்க வேண்டிய வினா, 'எவ்வளவு விரைவில் குறைக்கலாம்?' என்பதன்று, 'இந்தப் பழக்கத்தைப் பத்தாண்டுகளுக்குப் பின்னும் கடைப்பிடிக்க இயலுமா?' என்பதே.

நலம் பெறுவதற்கு இளமைக் கால எடைக்குத் திரும்ப வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. உடல் எடையில் 7 விழுக்காடு குறைத்தல், வாரத்திற்கு 150 நிமிடம் நடத்தல் ஆகிய இரண்டுமே அங்கு வைக்கப்பட்ட குறிக்கோள்கள். அவ்வழி நின்றோரிடம் நீரிழிவு தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை உண்டோரிடம் 31 விழுக்காடு குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோவிற்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே.

சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் இத்தகைய ஆய்வினை நடத்தி 2006இல் வெளியிட்டனர். வாழ்க்கை முறை மாற்றத்தால் அங்கு நீரிழிவு 28.5 விழுக்காடு குறைந்தது. குறிப்பிடத்தக்க செய்தி யாதெனில், அவர்களது எடையில் பெரிய வீழ்ச்சி ஏதும் நிகழவில்லை என்பதாகும். எடைக்கருவியின் முள் அசையாதபோதும் நல்ல உணவும் நடையும் உள்ளே தம் பணியைச் செய்கின்றன. ஒரு திங்கள் நடந்தும் எடை குறையவில்லை என்று சோர்ந்து நிறுத்துவோர் இதனை மறவாதிருத்தல் நன்று.

இனி நடைமுறைக்கு வருவோர்க்கு முதலிடம் தட்டு. தட்டின் பாதியைக் காய்களும் கீரையும் நிரப்பட்டும், கால்பங்கு சோறு, எஞ்சிய கால்பங்கு பருப்பு, சுண்டல், பயறு, தயிர். தமிழர் தட்டில் இப்பங்கு பெரும்பாலும் தலைகீழாக உள்ளது: மலைபோல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். சோற்றை ஒழிக்க வேண்டியதில்லை. பொரியலை முதலில் பரிமாறி, சோற்றைப் பின்னர் இடும் வரிசை மாற்றமே நல்ல தொடக்கம். இரண்டாவது, சர்க்கரை. காப்பிக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு மூன்று காப்பி என்றால் ஆறு தேக்கரண்டி; அதாவது 30 கிராம், 120 கலோரி. பசியைத் தணிக்காமலேயே இது உடலில் சேர்கிறது. வாரத்திற்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாக்கு அதை எதிர்ப்பதில்லை. மூன்றாவது, எண்ணெய். இதனைக் கரண்டியால் அளப்பதை விட மாதக் கணக்கால் அளப்பது எளிது. நால்வர் உள்ள குடும்பத்தில் மாதத்திற்கு நான்கு லிட்டரைக் கடந்தால் அடுக்களையில் கருத்துச் செலுத்த வேண்டும்.

இல்லத்துத் தாய்மார்கள் பற்றித் தனியே கூறல் வேண்டும். அனைவரும் உண்டபின் இறுதியாக உண்பவர் அவரே. குழந்தை வைத்த மீதியும், பாத்திரத்தின் அடியில் நின்ற குழம்பும், வீணாகக் கூடாது என்னும் நல்லெண்ணத்தால் அவர் வயிற்றையே சேர்கின்றன. வீணாக்காமை உயர்ந்த பண்பு. அதனைச் சமைக்கும்போதே அரை ஆழாக்குக் குறைத்துக் காக்கலாம். ஒருவரது உடலைக் குப்பைத் தொட்டியாக்கிக் காக்க வேண்டுவதில்லை.

பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் இச்சமூகத்திற்கு முன்னோர் விட்டுச்சென்ற செல்வம். அது உயிர்களிடத்து அருளால் எழுந்த நெறி. உடல் நலம் அதன் நோக்கமன்று. எனினும் உடலுக்கும் அது துணை நிற்கிறது. பாஸ்டன் நகரில் மிகை எடையுள்ள 16 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அதே உணவைச் சில மணி நேரம் தாழ்த்தி உண்டபோது பசி கூடியது. உடல் செலவிடும் ஆற்றலும் குறைந்தது. நகரத்தில் பணிபுரிவோர் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிறது என்பர். அத்தகையோர் மதிய உணவுடன் மாலை உணவிற்கும் ஓர் அடுக்கை எடுத்துச் சென்று, பணியிடத்திலேயே உண்டு வரலாம்.

ஆறு புறத்தவங்களுள் நான்கு உணவைச் சார்ந்தவை. உண்ணாமையை மட்டுமே பலர் பெரிதாக எண்ணுகின்றனர். வயிறு நிறையுமுன் எழுந்துவிடும் அவமோதரியமும், விரும்பும் சுவையைத் துறக்கும் இரசபரித்தியாகமும் அதற்கு அடுத்தே வைத்து எண்ணப்படுபவை. தவத்தின் நோக்கம் வினை நீக்கம். மெலிந்த இடை அன்று. ஆயினும் ஒரு நாள் பட்டினி கிடந்து, மறுநாள் பாரணையில் பாயசமும் வடையும் இரட்டிப்பாக உண்பவருக்குத் தவத்தின் பயனும் குறைகிறது, உடலின் பயனும் குறைகிறது. நாள்தோறும் நான்கு கவளம் குறைப்பது யார் கண்ணிலும் படாது. நிலைத்து நிற்பது அதுவே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இன்சுலின் ஊசியோ, கணையத்தைத் தூண்டும் நீரிழிவு மாத்திரைகளோ கொள்பவர், மருத்துவரைக் கேளாமல் நோன்பு ஏற்றல் ஆகாது. உணவு நிற்கும்போது மருந்து நிற்பதில்லை. இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே சர்க்கரையோ சர்க்கரை நீரோ தருதல் வேண்டும். மயங்கியவர் வாயில் எதனையும் புகட்டாமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். நோன்பு குலையுமோ என்னும் தயக்கத்தில் சில நிமிடங்கள் கடந்தால் உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலால் நோன்பு ஏற்கும் முன்னரே மருத்துவரிடமும் குடும்பப் பெரியோரிடமும் கலந்து, எந்நிலையில் நோன்பை நிறுத்துவது என்பதை முடிவு செய்துவிட வேண்டும். அவர்கட்கு அவமோதரியமே ஏற்ற வழியாக அமையலாம். அதனையும் மருந்தின் அளவோடு சேர்த்தே மருத்துவர் வகுத்தல் வேண்டும்.

உடல் உழைப்பு பற்றிச் சுருக்கமாகக் கூறின், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிட விரைந்த நடை. பேச இயலும், பாட இயலாது என்னும் வேகம் போதும். நடை மட்டும் போதாது. அகவை ஏற ஏறத் தசை குறைகிறது. எடை குறைக்கும்போது கொழுப்புடன் தசையும் கரைகிறது. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றி உடலைத் தள்ளுதல் போன்ற எளிய பயிற்சிகளை வாரத்தில் இருமுறை செய்வோருக்கு முழங்காலும் இடுப்பும் வலுப்பெறும். மலைக்கோயிலின் படிகளில் ஏறுகையில் ஆண்டுதோறும் எத்தனை இடங்களில் நிற்க நேர்கிறது என்பதே நல்ல அளவுகோல். உறக்கமும் உழைப்பைப் போன்றே முதன்மையானது. குறைந்த உறக்கம் மறுநாள் பசியைக் கூட்டுகிறது.

குறைந்த எடையைக் காத்தலே கடினமான பகுதி. அமெரிக்காவில் 1994 முதல் பேணப்படும் பதிவேடு ஒன்றில், குறைந்தது 13 கிலோவிற்கு மேல் எடை குறைத்து ஓராண்டிற்கு மேல் காத்தோர் பல்லாயிரவர் பதிந்துள்ளனர். அவர்கள் எடை குறைத்த வழிகள் பலவாயினும், காத்த வழிகள் ஒத்திருக்கின்றன: பெரும்பாலோர் நாள்தோறும் ஒரு மணி நேரம் அளவில் உடற்பயிற்சி செய்கின்றனர், காலை உணவைத் தவிர்ப்பதில்லை, வாரம் ஒரு முறையேனும் எடை பார்க்கின்றனர். எடை இரண்டு கிலோ ஏறியதும் விழித்துக்கொள்பவர் எளிதில் திரும்புகிறார். பத்துக் கிலோ ஏறும்வரை கருவியைத் தவிர்ப்பவருக்குத் திரும்பும் வழி நீண்டுவிடுகிறது.

இறுதியாக, இது தனி ஒருவரின் போராட்டம் அன்று. 'இன்னும் ஒரு கரண்டி' என்று விருந்தினரை வற்புறுத்துவது அன்பின் அடையாளமாக இருந்த காலம் உண்டு. 'போதும்' என்பவரை ஒரு முறைக்கு மேல் வற்புறுத்தாமையும் அன்பே. விழாப் பந்தியில் இனிப்பு ஒன்றாகவும், காயும் சுண்டலும் இரண்டாகவும் அமையலாம். பருமனான குழந்தையைப் பட்டப்பெயரால் அழைக்கும் வழக்கம் அடியோடு ஒழிதல் வேண்டும்; நாணமுற்ற குழந்தை மறைவில் உண்ணப் பழகுகிறது. காரணமின்றி விரைந்து எடை ஏறினாலோ இறங்கினாலோ, தைராய்டு குறையோ பிற நோயோ உளதா என மருத்துவர் ஆராய்தல் வேண்டும்.

நாளையே அனைத்தையும் மாற்ற எவரும் முற்பட வேண்டா. இடுப்பை அளந்து ஒரு தாளில் குறித்தல், காப்பியில் அரைத் தேக்கரண்டி சர்க்கரை குறைத்தல், இரவு உணவைப் பகலொளியில் முடித்தல் ஆகிய மூன்றில் ஒன்றை இவ்விழா நாளில் தொடங்கி, அடுத்த ஆண்டு இதே விழாவில் அதே நாடாவால் மீண்டும் அளந்து பார்த்தல் போதுமானது. அனைவரும் நோயற்ற வாழ்வு பெற்று நெடிது வாழ்க.