அணிலைத் தெரியும், 'அணில்' தெரியாது

(அடையாறு, மயிலாப்பூர் பகுதிக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் பார்த்தாச்சு. இப்போ பிள்ளைங்க விஷயம் ஒண்ணு பேசணும். மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழாவில், தி.நகர் கடைத்தெருவில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களை நம் எல்லாருக்கும் தெரியும். அவங்க பிள்ளைகள் அங்கன்வாடியில் வாயே திறப்பதில்லை, மந்தம் என்று நம்ம குழுக்களிலேயே சிலர் சொல்றாங்க. இதை நான் ஒத்துக்க மாட்டேன்.

அவர்கள் வீட்டில் பேசும் மொழி வாக்ரிபோலி. குஜராத்திக்கு உறவான மொழி, தனி எழுத்து கிடையாது. பெரியவங்க நம்மகிட்ட நல்லாத் தமிழ் பேசுவதால் இது நமக்குத் தோணுவதே இல்லை. மூணு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு தமிழ் ஏது? சுவரில் 'அ – அணில்' படம் தொங்குது. அணிலை அந்தப் பிள்ளைக்கு நல்லாவே தெரியும், ஆனால் வேற பெயரில். நம்ம பிள்ளைக்கு 'அ' என்ற எழுத்து மட்டும்தான் புதுசு. அதுக்கு 'அணில்' என்ற சொல்லும் புதுசு. ரெண்டு சுமையை ஒரே நேரத்தில் தூக்கச் சொல்றோம்.

அதே பிள்ளை வீட்டில் பாட்டி சொல்லும் கதையைக் கண் கொட்டாமல் கேட்கும். முதலில் என்ன நடந்தது, அப்புறம் என்ன, ஏன் அப்படி என்று கோத்துப் பார்க்கும். பின்னாடி புத்தகம் படிக்கும்போது தேவைப்படுவதும் இதுதானே? எழுத்துக்கூட்டிக் கடகடன்னு வாசிச்சிட்டு, என்ன படிச்சேன்னு கேட்டால் முழிக்கிற பிள்ளைகள் நம்ம வீட்டிலும் உண்டு.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பூர்வகுடிப் பெண்கள் மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டே கதை சொல்வார்கள். ஒரு வளைவு போட்டால் ஆள் உட்கார்ந்திருக்கார்னு அர்த்தம். இடம் மாறினால் மணலைத் தடவி அழிச்சிட்டு மறுபடி போடுவாங்க. தினம் கோலம் போடும் நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். கோடு ஒரு பொருளைச் சொல்லும் என்பது அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்குப் போகும் முன்பே பிடிபட்டுவிடும்.

நம் நாட்டிலும் ஒடிசா அரசு 2006-இல் பழங்குடிப் பிள்ளைகளுக்கு முதலில் தாய்மொழி, பிறகு படிப்படியாக ஒடியா என்று ஆரம்பித்தது. நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால். அந்தச் சான்றிதழ் மேல்படிப்புக்கு உதவும், சரி. அதுவரை பிள்ளை படிப்பை விடாமல் இருக்கணுமே!

வாரம் ஒருநாள் ஒரு பாட்டியை அங்கன்வாடிக்கு அழைப்போம். வியாபாரத்துக்கு வெளியூர் போற நாட்கள் உண்டு, அதனால் நாளை அவங்களே சொல்லட்டும். கதையை வாக்ரிபோலியிலேயே சொல்லட்டும். ரெண்டு மொழியும் தெரிந்த அக்கா ஒருத்தி அதைத் தமிழில் சொல்லணும். கதையைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லச் சொல்ல, டீச்சர் சார்ட்டில் நாலு வரி பெரிசாக எழுதி, விரல் வைத்துப் படித்துக் காட்டணும். வாக்ரிபோலி வரியையும் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். படம் பிள்ளைகள் வரையட்டும். நம்ம பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும், தள்ளி உட்கார வைக்காதீங்க.

அங்கன்வாடி டீச்சரிடம் பேச ரெண்டு ஊக்குநர்கள் பெயர் கொடுங்க. சார்ட், ஸ்கெட்ச் பேனா செலவுக்குப் பொது நிதியிலிருந்து எடுக்கலாமா என்று இன்றைக்கே தீர்மானம் எழுதிடலாம்.