வாபஸ் வாங்காத ஒரு மசோதா: மாநிலங்களவையில் திருச்சி சிவா

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிப் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டுப் பகிருங்க.)



நம்ம எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் பேசியதைப் பற்றிப் பதிவு போட்டா, கீழே ஒரு கேள்வி தவறாம வந்து நிக்கும். "பேசி என்ன கிழிச்சீங்க?"

கோபப்பட்டு ஒரு மீம் போட்டுட்டு நகர்ந்துடலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க, அது நியாயமான கேள்வி. மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற அவை அது. அங்கே பேசுறதால யாருக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்க எல்லாருக்கும் உரிமை இருக்கு. அதனால இன்னிக்கு ஒரே ஒரு மசோதாவை எடுத்துக்கிட்டு, அதை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். ஜெயிச்ச இடமும் இருக்கு, தோத்த இடமும் இருக்கு. ரெண்டையும் மறைக்காம சொல்றேன்.

2014 ஏப்ரல் 15. நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன நாள். திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநர்கள் தங்கள் பாலினம் எதுன்னு தாங்களே சொல்லிக்கொள்ளலாம், அதுக்கு அறுவை சிகிச்சை செஞ்சிருக்கணும்னு கட்டாயப்படுத்தக் கூடாது, சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களாகக் கருதி இடஒதுக்கீடு கொடுக்கணும்னு அந்தத் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டுக்கு அந்தத் தேதி ஏற்கெனவே தெரிந்த தேதி. 2008-ல் இதே ஏப்ரல் 15 அன்றுதான், தலைவர் கலைஞர் ஆட்சியில், இந்தியாவிலேயே முதல் திருநங்கைகள் நல வாரியம் இங்கே தொடங்கப்பட்டது.

சரி, தீர்ப்பு வந்தாச்சு. அப்புறம்? ஒரு கல்லூரி விடுதியில் இடம் இல்லைன்னு சொல்றாங்க. ஒரு காவல் நிலையத்தில் புகாரை வாங்க மாட்டேங்கிறாங்க. அங்கே போய் தீர்ப்பு நகலைக் காட்டினா எத்தனை அதிகாரி படிப்பார்? "இந்தச் சட்டம், இந்தப் பிரிவு"ன்னு காட்ட ஏதாவது இருக்கணும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் ஏறத்தாழ 4.88 லட்சம் பேரை ஆண், பெண் அல்லாத 'இதர' பிரிவில் பதிவு பண்ணியிருந்தது. அவ்வளவு பேருக்கு ஒரு தனிச் சட்டம்கூட மத்தியில் கிடையாது.

அந்த நேரத்தில் நம்ம நிலைமை என்ன? 2014 தேர்தலில் மக்களவையில் நமக்கு ஒரு இடம்கூட இல்லை. மாநிலங்களவையில் மட்டும் விரல்விட்டு எண்ணுற அளவுக்கு இருந்தோம். அந்தச் சிலரில் ஒருவரான அண்ணன் திருச்சி சிவா, 2014 டிசம்பர் 12 அன்று 'திருநர் உரிமைகள் மசோதா, 2014'-ஐ தனிநபர் மசோதாவாக அறிமுகப்படுத்தினார்.

தனிநபர் மசோதான்னா என்னன்னு பலருக்குக் குழப்பம் இருக்கு. அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினர் கொண்டு வந்தாலும் அது தனிநபர் மசோதாதான். அதுக்குன்னு ஒதுக்கியிருக்கிறது வெள்ளிக்கிழமை பிற்பகல், இரண்டரை மணி நேரம். பல பேர் ஊருக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கிற நேரம். யாருடைய மசோதா முதலில் வரும்னு குலுக்கல் போட்டுத்தான் முடிவு பண்றாங்க. உங்க முறை வந்தா பேசுவீங்க, மற்றவங்களும் பேசுவாங்க. கடைசியில் அமைச்சர் எழுந்து, "நல்ல நோக்கம், அரசு கவனத்தில் எடுத்துக்கொள்ளும், தயவுசெய்து வாபஸ் வாங்குங்க" என்பார். உறுப்பினரும் நன்றி சொல்லிட்டு வாபஸ் வாங்கிடுவார். வழக்கமா இப்படித்தான் முடியும். விடுதலைக்குப் பிறகு தனிநபர் மசோதாவாக வந்து சட்டமானவை மொத்தமே 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல்.

2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. மசோதா மேல் விவாதம். கட்சி வித்தியாசம் இல்லாம உறுப்பினர்கள் ஆதரிச்சுப் பேசினாங்க. சமூக நீதித்துறை அமைச்சர் தாவர் சந்த் கெலாட், அரசே இதுக்கு நடவடிக்கை எடுக்கும், மசோதாவைத் திரும்பப் பெறுங்கன்னு கேட்டுக்கிட்டார். இங்கேதான் அண்ணன் வழக்கத்தை உடைச்சார். வாபஸ் வாங்க முடியாது, வாக்கெடுப்புக்கு விடுங்கன்னு நின்னார். இப்படி ஒரு விஷயத்தில் அவை இரண்டாகப் பிரிந்து நிற்கக் கூடாதுன்னு அவை முன்னவர் அருண் ஜேட்லியே சொல்ல வேண்டி வந்தது. குரல் வாக்கெடுப்பில் மசோதா ஒருமனதாக நிறைவேறியது.

மாநிலங்களவை ஒரு தனிநபர் மசோதாவை நிறைவேற்றி அப்போ 36 வருஷம் ஆகியிருந்தது. அரசுக்கு அன்னிக்கு எதிர்த்து ஓட்டுப் போடவும் வழியில்லை. எந்த முகத்தோடு எதிர்ப்பாங்க?

மசோதாவில் என்ன இருந்தது? மொத்தம் 58 பிரிவுகள். கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு. தேசிய அளவிலும் மாநில அளவிலும் ஆணையம். உரிமை மீறல் வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம். ஆளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எதையோ தூக்கிக் கொடுக்கிற மசோதா கிடையாது. 'இது என் உரிமை, கொடு'ன்னு கேட்க வைக்கிற மசோதா.

இனி தோத்த கதை.

2016 பிப்ரவரியில் பிஜு ஜனதா தளத்தின் பைஜயந்த் பாண்டா இதே மசோதாவை மக்களவையில் அறிமுகப்படுத்தினார். அது அங்கே நிறைவேறவில்லை. அந்த ஆகஸ்டிலேயே ஒன்றிய அரசு தன்னோட சொந்த மசோதாவைக் கொண்டு வந்தது. அதைப் படிச்ச திருநர் சமூகம் அதிர்ந்து போனது. முழுசா ஆணும் இல்லை, முழுசா பெண்ணும் இல்லைங்கிற மாதிரி ஒரு வரையறை. நீங்க யாருன்னு சான்றிதழ் கொடுக்க ஒரு மாவட்டக் குழு, அதில் மருத்துவரும் மனநல நிபுணரும். இடஒதுக்கீடு மறைஞ்சே போச்சு. வேலை கொடுக்காத சமூகத்தில் பிச்சை எடுத்துப் பிழைக்கிறவங்களையே சிக்க வைக்கிற மாதிரி ஒரு தண்டனைப் பிரிவு வேற.

திருநர் சமூகம் தெருவில் இறங்கிப் போராடியது. நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2017-ல் குறைகளைச் சுட்டிக்காட்டியது. வரையறை மாறியது. 2019-ல் மறுபடி வந்த மசோதாவில் அந்த மாவட்டக் குழுவும் பிச்சைப் பிரிவும் இல்லை. இந்த மாற்றங்களுக்கான முதல் பாராட்டு போராடின அந்த மக்களுக்குத்தான் போகணும். அதை நாம பறிச்சுக்கக் கூடாது.

ஆனாலும் ஓட்டைகள் மிச்சம் இருந்தன. இடஒதுக்கீடு கடைசிவரை வரவே இல்லை. சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் போகணும். திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு அந்தச் சட்டம் வைத்த தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு. அதே நேரத்தில் ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தவனுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. ஒரே மாதிரி குற்றம், ஒரே மாதிரி வலி. தண்டனை மட்டும் ஏன் இவ்வளவு குறையுது?

2019 நவம்பர் 26, அரசியலமைப்பு நாள். மாநிலங்களவையில் அண்ணன் சிவா, இந்த மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கன்னு தீர்மானம் கொண்டு வந்தார். ஆதரவு 55, எதிர்ப்பு 74. தோத்துட்டோம். மசோதா அன்றே நிறைவேறியது.

அப்போ "பேசி என்ன கிழிச்சீங்க" கேள்விக்கு என்ன பதில்?

நான் இன்ஜினியரிங் படிச்சவன், எனக்குத் தெரிஞ்ச மொழியில் சொல்றேன். ஒரு மென்பொருளில் பின்னாடி வர்ற வெர்ஷன் மோசமா இருந்தா அதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? முன்னாடி இருந்ததோடு பக்கத்தில் வச்சு ஒப்பிட்டுத்தான். 2015-ல் அவை ஒருமனதாக ஏற்ற அந்த 58 பிரிவுகள் அவைப் பதிவேட்டில் இருக்கு. "இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது"ன்னு யார் சொன்னாலும், "உங்க கட்சியும் சேர்ந்து நிறைவேற்றினதுதானே"ன்னு நாம திருப்பிக் கேட்கலாம். எண்ணிக்கை இல்லாத எதிர்க்கட்சி அவையில் செய்யக்கூடிய பெரிய வேலை இதுதான். அன்னிக்கு அவர் நன்றி சொல்லிட்டு உட்கார்ந்திருந்தா, ஒப்பிட்டுக் காட்ட நம்ம கையில் ஒரு தாள் இருந்திருக்காது.

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். மூணு விஷயம் கேட்டுக்கிறேன்.

ஒன்று, 30 விநாடி வீடியோவை மட்டும் போடாதீங்க. எந்தத் தேதி, எந்த மசோதா, எந்தப் பிரிவுன்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க. 'தெறிக்கவிட்டார்'னு தலைப்பு வைக்கிறதை விட அந்த ஒரு வரிக்கு ஆயுசு அதிகம்.

இரண்டு, மாநிலங்களவை விவாதங்கள் முழுசா அவையின் இணையதளத்திலேயே இருக்கு. படிச்சிட்டு எழுதுங்க. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே தட்டிவிடாதீங்க. தோத்த வாக்கெடுப்பையும் எண்ணிக்கையோடு எழுதுங்க. அப்போதான் ஜெயிச்சதைச் சொல்லும்போது நம்புவாங்க.

மூன்று, திருநர்களைக் கேலி செய்யுற மீம் நம்ம ஆளுங்க பக்கத்திலிருந்து ஒண்ணுகூட வரக் கூடாது. எதிர்க்கட்சிக்காரரைத் திட்டுறதுக்கும் அந்த வார்த்தைகளை எடுக்காதீங்க. 'திருநங்கை'ங்கிற மரியாதையான சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் கலைஞர். அந்த மரியாதையை உங்க டைம்லைன்ல காப்பாத்துங்க.

அடுத்த தடவை யாராவது வந்து "பேசி என்ன கிழிச்சீங்க"ன்னு கேட்டா பிளாக் பண்ணிடாதீங்க. இந்த மசோதாவைப் பற்றிச் சொல்லுங்க, தோத்த அந்த 55-74 வரைக்கும் சொல்லுங்க.



#மாநிலங்களவை #திருநர்உரிமை #தனிநபர்மசோதா