தென்னை கேட்கும் சாம்பல் சத்து



நம் வைப்பின் தென்னைகளைப் பாருங்கள். சில மரங்களில் கீழ் ஓலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகின்றன. பிறகு ஓரம் கருகுகிறது. காய்ப்பும் குறைகிறது. உரம் போட்டோமே, ஏன் இப்படி?

பயிருக்கு முக்கியமான சத்துகள் மூன்று. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. சாம்பல் சத்தைத்தான் பொட்டாஷ் என்கிறோம். இலையில் உண்டாகும் சர்க்கரை காய்க்குப் போய்ச் சேர இது உதவுகிறது. வறட்சியைத் தாங்கும் பலமும் தருகிறது. தென்னை மண்ணிலிருந்து அதிகமாக எடுப்பது இந்தச் சத்தைத்தான்.

களிமண் இந்தச் சத்தைப் பிடித்து வைக்கும். வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். நம்முடையது கடற்கரை மணல். மணலுக்குப் பிடிப்பு இல்லை. கேரளத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைநீரோடு சத்தும் வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நம் காசும் அதோடு போகிறது.

உர மூட்டையில் எண்கள் இருக்கும். முதல் எண் தழைச்சத்து. இரண்டாவது மணிச்சத்து. மூன்றாவது சாம்பல் சத்து. யூரியாவில் 46-0-0. ஏலூரில் தயாராகும் ஃபாக்டம்பாஸில் 20-20-0-13. கடைசி எண் கந்தகம். இரண்டிலும் மூன்றாவது எண் என்ன? பூஜ்யம்! இவற்றை மட்டும் போட்டால் தென்னைக்குச் சாம்பல் சத்து கிடைக்காது. பொட்டாஷ் மூட்டையில் 0-0-60 என்று இருக்கும்.

காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷ் வேண்டும். மற்ற உரங்களோடு சேர்த்து இதையும் போட வேண்டும். ஒரே தடவையில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை மே-ஜூனில் போடுங்கள். மீதியைச் செப்டம்பர்-அக்டோபரில் போடுங்கள். மழை கொட்டும் நாளில் வேண்டாம். மரத்தைச் சுற்றி 6 அடி வரை வட்டமாகப் பாத்தி எடுத்துப் போடுங்கள்.

காசில்லாத வழியும் உண்டு. தேங்காய் உரித்த மட்டையில் சாம்பல் சத்து நிறைய இருக்கிறது. அதை எறியாதீர்கள். மரத்திலிருந்து 6 அடி தள்ளிக் குழி வெட்டுங்கள். குழிவான பக்கம் மேலே இருக்கும்படி மட்டையை அடுக்கி மண்ணால் மூடுங்கள். அது ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஐந்தாறு ஆண்டுகள் பலன் தரும். விறகுச் சாம்பலும் நல்லது. ஆனால் யூரியாவோடு கலக்காதீர்கள். கலந்தால் தழைச்சத்து காற்றில் போய்விடும்.

ஓலை மஞ்சளாக நோயும் காரணமாகலாம். அதனால் கிருஷி பவனில் கேட்டு மண்ணைப் பரிசோதியுங்கள்.

இனி உரம் வாங்கும்போது மூன்றாவது எண்ணை நீங்களே படியுங்கள். பிறகு காசு கொடுங்கள்.