மதிப்பிடுவோரின் மதிப்பு

வாளையாரைக் கடந்தால் பாலக்காடு. போடிமெட்டு ஏறினால் இடுக்கி. மாநில எல்லைக்கு அப்பாலும் தமிழ் வழங்கும் ஊர்கள் இவ்விரு மாவட்டங்களிலும் பல உண்டு. அங்கே வீட்டையோ நிலத்தையோ ஈடு வைத்துக் கடன் கேட்போர், மதிப்பீட்டாளர் ஒருவரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். அவருடைய நிலைமையைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

அவரது பணி எளிதன்று. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு நிலங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றலாம். ஆனால், ஒன்று 2008 ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி பட்டியலில் ஏறியிருந்தால், அதில் விரும்பியபடி வீடு எழுப்ப இயலாது; விலையும் வேறாகிவிடும். இடுக்கி மலைகளிலோ, 1964 ஆம் ஆண்டின் நில ஒதுக்கீட்டு விதிகளின்படி வேளாண்மைக்கும் குடியிருப்புக்கும் என்று கொடுக்கப்பட்ட பட்டாக்கள் பல. அத்தகைய மண்ணில் எழுந்த கடைக் கட்டடத்தை எவ்வாறு மதிப்பிடுவது? அரசு குறித்த நியாய விலை ஒன்று. சந்தை விலை மற்றொன்று.

இத்தனையும் ஆராய்ந்து அவர் ஒரு தொகை எழுதுகிறார். ஆண்டுகள் சில கழிகின்றன. கடன் நிலுவையாகிறது; ஏலத்தில் குறைந்த விலையே கிடைக்கிறது. அப்பொழுது, நிலத்தை நேரில் காணாத ஒருவர் அறிக்கையைப் புரட்டி, "மிகைப்படுத்திய மதிப்பு" என்று குறிப்பெழுதுகிறார். நமக்கு அறிமுகமான முதியவர் ஒருவர் இவ்வாறே ஒரு வங்கியின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். காரணம் கூறும் கடிதம் ஒன்றும் அவருக்கு வரவில்லை. வேலை வருவது மட்டும் நின்றது.

ஒரு வங்கி தன் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது வேறு. எச்சரிக்கைப் பட்டியலில் சேர்ப்பது வேறு. மோசடியில் பங்குகொண்ட மதிப்பீட்டாளர், வழக்கறிஞர் முதலியோரின் பெயர்களை இந்திய வங்கிகள் சங்கத்துக்கு அறிவிக்குமாறு ரிசர்வ் வங்கி 2009 ஆம் ஆண்டில் பணித்தது. அப்பட்டியல் எல்லா வங்கிகளுக்கும் செல்லும். பொதுமக்கள் பணத்தைக் காக்க இது தேவையே. போலி அறிக்கை எழுதியவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பிழையும் மோசடியும் ஒன்றாகா.

2012 ஆம் ஆண்டில், வீட்டுக் கடனுக்குச் சட்டக் கருத்து வழங்கிய வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில், சதியில் பங்குகொண்டதற்குச் சான்றில்லாமல், கருத்துத் தவறியது என்பதற்காகவே ஒருவரைக் குற்றவாளியாக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. கடனாளியின் கணக்கை மோசடி என்று முத்திரையிடுமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஆம் ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிகளின்படி, மோசடிக் குற்றச்சாட்டுக்கு உள்ளானவருக்கு விளக்கம் கோரும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். விடை தர 21 நாளுக்குக் குறையாத அவகாசம் வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுத வேண்டும்.

ஆகவே, மதிப்பீட்டாளர்கள் தாம் பார்த்த நாள், பார்த்த பத்திரங்கள், ஒப்பிட்ட விற்பனைகள், எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றைப் பேணி வைப்பது நலம். குற்றம் சாட்டப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு, உரிய காலத்துள் எழுத்திலேயே விடை தர வேண்டும். வீடு வாங்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு: "சற்றுக் கூட்டிப் போடுங்கள்" என்று அவரை நெருக்காதிருத்தல்.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு சொல் பிசகினால் வரும் பழி தெரியும். பிழையைத் திருத்தலாம்; கேளாமலே அழித்த பெயரை மீட்பது அரிது.