புகைமலை அடிவாரத்தில் ஒரு மரக்குடில்

இன்று நாம் போகவிருக்கும் இடம் அமெரிக்காவின் தென்கிழக்கில் இருக்கிறது. டென்னசி, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களுக்கும் எல்லையாக நீண்டு கிடக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடர். விடிகாலையில் பார்த்தால் மடிப்பு மடிப்பாக அடுக்கி நிற்கும் மலைகளின் மேல் நீலமாய் ஒரு புகை படிந்திருக்கும். எங்கும் எதுவும் எரிவதில்லை. காட்டு மரங்கள் மூச்சுவிடும்போது வெளியேறும் ஆவிகள் ஈரக்காற்றில் கலந்து, ஒளியில் உள்ள நீலத்தைச் சிதறடிக்கின்றன. மலைக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

1934இல் உருவான தேசியப் பூங்கா இது. பரப்பு 5,20,000 ஏக்கருக்கு மேல். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் அதிகம் பேர் வருவது இங்கேதான்; ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாகின்றன. வருபவர்களில் பலர் காரை விட்டு அதிகம் இறங்காமலே திரும்பிவிடுகிறார்கள். இந்தக் காட்டைப் பார்க்கக் கார் ஜன்னல் போதாது, ஒரு திண்ணை வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நான், மனைவி, பிள்ளைகள் இருவர், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா எல்லோருமாக அட்லாண்டாவிலிருந்து காரில் கிளம்பினோம். ஏறக்குறைய நான்கு மணி நேர ஓட்டம். மலையின் மேற்கு அடிவாரத்தில் டவுன்சென்ட் என்ற சிற்றூர். கடைகளும் கேளிக்கைக் கூடங்களும் நெருக்கும் கேட்லின்பர்க் பக்கம் போகாமல் இந்த அமைதியான பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஊர் ஓரத்தில், மரங்களுக்கு நடுவே எங்கள் குடில். கட்டைகளை அடுக்கி எழுப்பிய சுவர், தகரக் கூரை, கருங்கல் புகைபோக்கி, விறகு அடுப்பு. முன்புறம் வீட்டின் அகலத்துக்கு ஒரு மரத்திண்ணை, அதில் ஆடும் நாற்காலிகள். தொலைக்காட்சி கிடையாது. கைப்பேசியிலும் கோடு விழவில்லை.

"வைஃபை இல்லையாப்பா?" என்றான் மகன். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தைப் பிள்ளைகள் அதுவரை கேட்டதில்லை. அம்மா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, தம் சிறுவயது வீட்டில் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். இருவரும் அவர் மடியருகே நகர்ந்துவிட்டார்கள். வைஃபை பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

இங்கே தங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கரடிகளை. பூங்காவுக்குள் ஏறக்குறைய 1,900 கருங்கரடிகள் இருப்பதாகக் கணக்கு. குப்பையைக் கரடி திறக்க முடியாத இரும்புத் தொட்டியில்தான் போட வேண்டும். காரைப் பூட்டியே வைக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கரடிகளுக்குக் கார்க் கதவைத் திறக்கத் தெரியும். எதிர்ப்பட்டால் 50 கஜத்துக்குக் குறையாமல் விலகி நிற்க வேண்டும். என் அம்மாவுக்குக் காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிட்டுப் பழக்கமில்லை. மறுநாள் சமைத்ததும் ஒரு பிடி சோற்றோடு திண்ணைக் கைப்பிடிச் சுவர் பக்கம் போனார். மகள்தான் ஓடிப்போய்த் தடுத்தாள். "பாட்டி, இங்க சோறு வச்சா கரடி வரும். மனுஷங்க சாப்பாட்டுக்குப் பழகின கரடியைக் கடைசியில கொன்னுடுவாங்களாம்." அம்மா சற்று நேரம் யோசித்தார். பிறகு கையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். உயிருக்குச் சோறு போடாமல் இருப்பதும் ஓர் உயிரைக் காப்பதாக இருக்கும் இடம் அது.

பூங்காவுக்குள் நுழையக் கட்டணமில்லை. 2023 முதல் கால் மணி நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதற்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். கேட்ஸ் கோவ் என்ற பள்ளத்தாக்கைச் சுற்றிவர 11 மைல் ஒருவழிப்பாதை உண்டு. கூட்ட நாட்களில் ஒரு கரடி தலைகாட்டினால் போதும், கார்கள் மைல் கணக்கில் நின்றுவிடும். கோடைக்காலப் புதன்கிழமைகளில் அங்கே மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. மிதிவண்டியில் அல்லது நடந்து போகலாம். புதன்கிழமையாகப் பார்த்துப் போங்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் 1818இல் குடியேறிய ஆலிவர் குடும்பத்தின் மரவீடு இன்றும் நிற்கிறது. குடியேறிகளுக்கு முன்பு இந்த மலைகள் செரோக்கிப் பழங்குடி மக்களுடையவை. 1838இல் அவர்களில் பெரும்பகுதியினரைப் படைவீரர்கள் துப்பாக்கி முனையில் மேற்கே விரட்டினார்கள். வழியில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். மலைக்குள் தங்கிவிட்டவர்களின் சந்ததியினர் வட கரோலினா பக்கம் இன்றும் வாழ்கிறார்கள். 2024இல்தான் இத்தொடரின் 6,643 அடி உச்சிக்கு, அவர்கள் வழங்கிவந்த குவோஹி என்ற பழைய பெயரே மீண்டும் அதிகாரபூர்வமாகச் சூட்டப்பட்டது.

அடுத்து வந்தவர்களும் நிலைக்கவில்லை. பூங்கா அமைப்பதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகளை வாங்கினார்கள். இரு மாநில அரசுகளும் பணம் ஒதுக்கின, பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள், ராக்பெல்லர் குடும்பம் 50 லட்சம் டாலர் தந்தது. மக்கள் வீடுகளை விட்டு இறங்கினார்கள். இறங்க மறுத்தவர்கள் வாக்கர் சகோதரிகள்.

அவர்கள் வீட்டுக்குப் போக மெட்கால்ஃப் பாட்டம்ஸ் என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு ஆற்றைக் கடந்து நடக்க வேண்டும். முதலில் 1882இல் கட்டிய ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். அதையும் தாண்டி மரநிழலில் ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நடை. அம்மா மெதுவாக, கோல் ஊன்றியபடி வந்தார். மணமாகாத ஐந்து சகோதரிகள் அங்கே பருத்தி விளைத்து, ஆடு வளர்த்து, நூல் நூற்று, தாங்களே நெய்து உடுத்தி வாழ்ந்தார்கள். நிலத்துக்கு 4,750 டாலரும், சாகும்வரை அங்கேயே இருக்கும் உரிமையும் பெற்றுக்கொண்டுதான் கையெழுத்திட்டார்கள். 1946இல் ஒரு பிரபல வார இதழ் அவர்களைப் பற்றி எழுதியதும் ஊர் உலகம் தேடி வந்தது. வந்தவர்களுக்கு ஆப்பிள் பணியாரம் சுட்டு விற்றார்கள். லூயிசா என்பவர் தாம் எழுதிய கவிதைகளை விற்றார். முதுமையில் தளர்ந்தபோது, பார்வையாளருக்கு வழிகாட்டும் பலகையை எடுத்துவிடுங்கள் என்று பூங்கா அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்கள். 1964இல் லூயிசா இறந்தார், வீடு காலியானது. கட்டைகளின் மூலைகளை ஒன்றுக்குள் ஒன்று செதுக்கிப் பூட்டியிருக்கும் அந்தச் சுவரை அம்மா வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி எல்க்மாண்ட். மரம் வெட்டும் கம்பெனி ஒன்றின் குடியிருப்பாகத் தொடங்கி, வசதியுள்ளவர்களின் கோடைக்குடில் ஊராக மாறிய இடம். பூங்கா வந்த பின்னும் அவர்களுக்கு நீண்டகாலக் குத்தகை கிடைத்தது. பெரும்பாலான குத்தகைகள் 1992இல் முடிந்தன. அங்கே குடில் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் லின் ஃபாஸ்ட். ஜூன் இரவுகளில் குடும்பமே திண்ணையில் விளக்கணைத்து உட்கார்ந்து மின்மினிகளைப் பார்ப்பது அவர்கள் வழக்கம். காடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்னி, ஒரே நேரத்தில் அணையும். இப்படி ஒத்திசைந்து மின்னும் மின்மினிகள் தென்கிழக்கு ஆசியாவில்தான் உண்டு, வட அமெரிக்காவில் இல்லை என்று அறிவியலாளர்கள் அப்போது கருதியிருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அதைப் படித்த லின், எங்கள் திண்ணையிலிருந்தே பார்க்கிறோமே என்று அவர்களுக்கு எழுதினார். ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்த்து, அவர் சொன்னது சரியென்று உறுதிசெய்தார்கள். கருவிகள் ஏதுமின்றி, ஆண்டுதோறும் ஒரே இடத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது அது!

அந்த மின்மினிகளைப் பார்க்க இப்போது குலுக்கல் முறையில் அனுமதி தருகிறார்கள்; நாங்கள் போன ஆண்டு எங்களுக்கு அது கிடைத்திருந்தது. இருட்டி ஒன்பதரை மணி வாக்கில் ஒன்றிரண்டாகத் தொடங்கியது. பிறகு ஆண் மின்மினிகள் பறந்தபடி ஐந்தாறு முறை சேர்ந்து மின்னும், சட்டென்று சில நொடிகள் கும்மிருட்டு, மறுபடி மின்னும். அந்த இருட்டில் தரையோரத்துப் பெண் மின்மினிகள் மங்கலாகப் பதில் சொல்லும். மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நொடிகளை எண்ணினாள். "எல்லாத்துக்கும் யாருப்பா தாளம் போடறது?" என்று கேட்டாள். யாரும் இல்லை, பக்கத்தில் மின்னுவதைப் பார்த்து ஒவ்வொன்றும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்றேன்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு செய்தி. மின்மினிக் காலம் மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை. எல்க்மாண்டுக்கான குலுக்கலுக்கு வழக்கமாக ஏப்ரல் இறுதியில் விண்ணப்பிக்க வேண்டும். கைவிளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், வெள்ளை ஒளி பட்டால் மின்மினிகள் மின்னுவது தடைபடும். வெளியூர் விறகில் மரத்தை அழிக்கும் பூச்சிகள் ஒட்டிவரும். அதனால் விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாமல், அங்கே விற்கும் சூடேற்றிப் பதப்படுத்திய விறகையே வாங்குங்கள். குடிலைப் பதிவு செய்யும்போது அறை எத்தனை என்று கேட்பதற்கு முன், திண்ணை இருக்கிறதா, அதன் விளக்கை அணைக்க முடியுமா என்று கேளுங்கள். குலுக்கலில் பெயர் விழாவிட்டாலும் கவலை வேண்டாம். இந்த மலைகளில் வேறு பல வகை மின்மினிகளும் உண்டு. அவற்றைப் பார்க்க அனுமதிச் சீட்டுத் தேவையில்லை.