நிலம் கொடுத்து வாங்கிய உரிமை

கனடாவின் வடபுலத்தில் சுரங்கம் தோண்ட வரும் நிறுவனங்களுக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. அனுமதிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, வட்டாரத்துக்கு ஒரு வாரியம் இருக்கிறது, வாரியத்தில் பாதிப்பேர் பழங்குடியினர் முன்மொழிந்தவர்கள் என்பார்கள். 2014இல் ஒட்டாவாவில் ஆட்சியிலிருந்தவர்களும் இதைச் சிவப்புநாடா என்ற கணக்கிலேயே வைத்தார்கள். அந்தக் கணக்கு தவறு என்பதே என் வாதம். பழங்குடியினர் தங்கள் நிலத்தின்மீதான உரிமைக்கோரிக்கையை விட்டுக்கொடுத்தபோது அரசு அதற்குக் கொடுத்த விலையில் இந்த வாரியங்களும் அடக்கம்.

இத்தகைய நில உரிமை ஒப்பந்தங்கள் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு யெல்லோநைஃப் நகரை ஒட்டியுள்ள ஜயண்ட் தங்கச் சுரங்கம் சான்று. 1948இல் அது உற்பத்தியைத் தொடங்கியபோது, அங்கே வாழ்ந்த டெனே மக்களை யாரும் கலந்துபேசவில்லை. தாதுவை வறுத்த புகையில் ஆர்செனிக் பறந்து பனியில் படிந்தது. 1951இல் டெனே குழந்தை ஒன்று அந்த நஞ்சால் இறந்தது. 1999இல் நிறுவனம் திவாலாகிப் போனது. நிலத்தடியில் 2,37,000 டன் ஆர்செனிக் ட்ரையாக்சைடு தூள் மிஞ்சியது. அதை உறையவைத்துக் காக்கும் பணி உள்ளிட்ட சீரமைப்புக்கு இன்றைய மதிப்பீடு 400 கோடி டாலருக்கும் மேல், அதுவும் வரிசெலுத்துவோர் பணம். விரைவான அனுமதி மலிவானது என்போர் இந்தத் தொகையை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

மெக்கன்சி பள்ளத்தாக்கில் எரிவாயுக் குழாய் பதிக்கும் திட்டத்தை ஆராய்ந்த நீதிபதி தாமஸ் பெர்கர், 1977இல் தந்த அறிக்கையில், முதலில் நில உரிமையைத் தீர்த்துவையுங்கள், அதற்காகப் பத்தாண்டுகள் பொறுங்கள் என்றார். அந்த வரிசைமுறைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1993இன் நுனாவுட் ஒப்பந்தத்தில் இனுயிட் மக்கள் நிலப்பரப்பின்மீதான தொன்மை உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர் நிலம், 114 கோடி டாலருக்கு மேல் பணம், இவற்றோடு சுற்றுச்சூழல் ஆய்வு வாரியத்தில் இடமும் பெற்றார்கள். 1983இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு இத்தகைய ஒப்பந்த உரிமைகளுக்குக் காப்பளிக்கிறது. சாதாரணச் சட்டத்தில் நிற்கும் சுற்றுச்சூழல் விதியை அடுத்த நாடாளுமன்றம் அழித்துவிடலாம். ஒப்பந்தத்தில் வேரூன்றிய விதியைத் தொட்டால் நீதிமன்றம் கேள்வி கேட்கும். 2014இல் மெக்கன்சி பள்ளத்தாக்கின் வட்டார வாரியங்களைக் கலைத்து ஒரே வாரியமாக்கச் சட்டம் வந்தபோது, அங்குள்ள டிளிச்சோ பழங்குடியினரின் அரசு வழக்குத் தொடுத்து 2015 பிப்ரவரியில் இடைக்காலத் தடை வாங்கியது. 2019இல் நாடாளுமன்றமே அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது.

வாரியங்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்ற வாதத்துக்கு மேரி ரிவர் இரும்புச் சுரங்கமே போதுமான மறுப்பு. பாஃபின் தீவில் அந்தச் சுரங்கத்துக்கு 2012இல் பரிந்துரை தந்தது நுனாவுட் வாரியம்தான். உற்பத்தியை 60 லட்சம் டன்னிலிருந்து இரட்டிப்பாக்கி, மில்ன் துறைமுகத்துக்கு 110 கிலோமீட்டர் ரயில்பாதை போடும் இரண்டாம் கட்டத்தைத்தான் 2022 மே மாதத்தில் அது வேண்டாம் என்றது. அதிகரிக்கும் கப்பல் போக்குவரத்து கொம்புத் திமிங்கலங்களையும் வேட்டை வாழ்வையும் பாதிக்கும் என்பது முக்கியக் காரணம். இன்னொரு வாதம், பணம் கிடைத்தால் பழங்குடி அமைப்புகளே தலையாட்டிவிடும் என்பது. அந்தச் சபலம் உண்மைதான், மறைப்பதற்கில்லை. இருந்தும், சுரங்க நிறுவனத்தோடு 100 கோடி டாலர் அளவில் மதிப்பிடப்பட்ட உடன்பாட்டில் 2020இல் கையெழுத்திட்ட கிக்கிக்டானி இனுயிட் சங்கமே, வேட்டைக்காரர்களின் எதிர்ப்புக்குப் பின், 2021 மார்ச்சில் இந்த விரிவாக்கத்தை ஆதரிக்க இயலாது என்றது.

எனக்கு விடை எளிதில் கிடைக்காத எதிர்வாதம் வேறு: வாரியம் பரிந்துரைக்கத்தான் முடியும், முடிவு அமைச்சருடையது. பாதி அதிகாரம் கொண்ட ஓர் அமைப்பைப் பெரிதாகப் புகழ்வானேன் என்று கேட்கலாம். ஆனால் பொதுவிசாரணையில் பதிவான சான்றை மீறி முடிவெடுக்கும் அமைச்சர் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தை நீதிமன்றத்தில் சோதிக்கலாம். 2022 நவம்பரில் கனடாவின் வடபுல விவகார அமைச்சர் வாரியத்தின் பரிந்துரையை ஏற்று, மேரி ரிவர் விரிவாக்கத்தை நிராகரித்தார்.